அத்தை நடத்திய கடை

'பீக்கி ப்ளைண்டர்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு சின்ன வாக்குவாதம் வருகிறது. ஆண்டு 1919. முதல் உலகப்போர் முடிந்து பர்மிங்ஹாம் நகரின் ஸ்மால் ஹீத் பகுதிக்குத் திரும்பியிருக்கும் டாமி ஷெல்பி, ஒரு விஷயத்தைத் தன் அத்தை பாலியிடமிருந்து மறைக்கிறான். அவள் விடாமல் கேட்க, இது பெண்கள் காரியமில்லை என்கிறான். நீங்களெல்லாம் போர்முனையில் இருந்தபோது இந்தத் தொழில் முழுக்கவே பெண்கள் காரியமாகத்தானே இருந்தது, இப்போது என்ன மாறிவிட்டது என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம் என்கிறான் டாமி. அவ்வளவுதான். பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

2013 முதல் 2022 வரை, ஆறு பருவங்களில் 36 அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. என் மாணவர்களில் பலருக்கு டாமிதான் வாட்ஸப் ஸ்டேட்டஸ். தொப்பியைச் சாய்த்து, சிகரெட்டை உதட்டில் தேய்த்துப் பற்றவைக்கும் அந்தப் படத்தின் கீழே தனிமை, துரோகம், குடும்பம் பற்றி ஏதாவது வாசகம் இருக்கும். மாணவியரும் வைக்கிறார்கள். தொடர் எதைப் பற்றியது என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். அண்ணன் தம்பிப் பாசம் என்றார்கள் சிலர், அண்ணன் தம்பிச் சண்டை என்றார்கள் சிலர். இரண்டும் சரிதான். எனக்கு மட்டும் அந்த முதல் அத்தியாய வாக்குவாதமே திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. போர் நடந்த நான்கு வருடமும் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடையை ஓட்டியவள் அத்தை. அவள் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று. பிறகுதான் அந்த நாற்காலிக்கு மூத்தவனா, அடுத்தவனா என்ற கேள்வியே வருகிறது.

மூத்தவன் ஆர்தர். முறைப்படி குடும்பத்தின் தலைவன் அவன்தான். ஆனால் முடிவுகளை எடுப்பது டாமி. தொடக்கத்திலேயே டாமி யாரையும் கேட்காமல் ஒரு பந்தயக் குதிரையை வைத்துத் தில்லுமுல்லு செய்ய, தன்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று ஆர்தர் கத்துகிறான். அந்தக் கத்தலில் அதிகாரமில்லை, கெஞ்சல்தான் இருக்கிறது. அவனைச் சமாதானப்படுத்த டாமி ஒரு மதுக்கடையையே வாங்கித் தருகிறான். தம்பி கொடுக்க அண்ணன் வாங்கிக்கொள்வதைவிடப் பெரிய அவமானம் அந்த வீட்டில் இல்லை. ஓடிப்போயிருந்த அப்பா திரும்பிவரும்போது ஆர்தர் மட்டும் அவனை நம்புகிறான். மூத்தமகன் என்று யாராவது ஒருவர் தன்னை நடத்த மாட்டார்களா என்ற ஏக்கம். பணத்தைப் பறிகொடுத்து ஏமாந்த பிறகு அவன் தூக்குப் போட்டுக்கொள்ள முயல்கிறான். கயிறு அறுந்து பிழைக்கிறான். தொடரில் எனக்கு மிகப் பிடித்த ஆண் பாத்திரம் ஆர்தர்தான். இவ்வளவு வன்முறைக்காரனை எப்படிப் பிடிக்கும் என்று கேட்கலாம். தனக்கு ஒதுக்கப்பட்ட ஆண்வேஷம் தனக்குப் பொருந்தவில்லை என்பது அவன் முகத்தில் தெரிகிறது. டாமி அதை மறைக்கக் கற்றவன்.

மூன்றாவது தம்பி ஜானின் கசப்பு வேறுவகை. அவனிடம் யாரும் எதையும் கேட்பதே இல்லை, திருமணம் உட்பட. மனைவியை இழந்து, பிள்ளைகளோடு தவிக்கும் ஜான், முன்பு பாலியல் தொழிலில் இருந்த லிஸியை மணக்க விரும்புகிறான். டாமி லிஸியிடம் பணத்தை நீட்டிச் சோதிக்கிறான். அவள் சம்மதித்ததைக் காரணம் காட்டி அந்தப் பேச்சை முடித்துவைக்கிறான். பிறகு, பகையாக இருந்த லீ குடும்பத்தோடு சமாதானம் செய்துகொள்ள, அந்த வீட்டுப் பெண் எஸ்மியை ஜானுக்குக் கட்டிவைக்கிறான். மணமேடைக்கு வரும்வரை ஜானுக்குப் பெண் யாரென்றே சரியாகத் தெரியாது. இரண்டு ஆண் கூட்டங்களுக்கு நடுவே ஒரு பெண் உடன்படிக்கைப் பத்திரம் ஆகிறாள். தொடர் அதைக் கொண்டாட்டமான ஒரு கல்யாணக் காட்சியாகத் தருகிறது. டாமி சோதித்து ஒதுக்கிய லிஸியைப் பின்னால் மணப்பவன் டாமியேதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் ஒரு வழித் தோன்றல்களைப் பங்காளிகள் என்கிறோம். பங்கு உள்ளவன் பங்காளி. அந்தப் பங்காலேயே பகையாளியும் ஆகிறவன். ஒரே சொல்லுக்குள் உறவும் வழக்கும் இருக்கின்றன. அத்தை பங்காளி ஆவதில்லை. பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிட்டுப் போனவள் அவள். ஷெல்பி குடும்பத்தில் பிறந்த பாலியும் 'கிரே' என்ற கணவன்வீட்டுப் பெயரைத்தான் சுமக்கிறாள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. பங்காளி என்ற சொல்லுக்கு இன்னும் பெண்பால் வரவில்லை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். ஆண்கள் போருக்குப் போனார்கள், பெண்கள் வேலைக்கு வந்தார்கள், ஆண்கள் திரும்பினார்கள், பெண்கள் வீட்டுக்குப் போனார்கள் என்று நான்கு வரியில் சொல்லும் வழக்கம் ஒன்றுண்டு. பர்மிங்ஹாமைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது வரியே பிழை. அந்த நகரத்துப் பெண்கள் போருக்கு வெகுமுன்பே ஆலைத் தொழிலாளர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்தின் பேனா முட்களில் பெரும்பகுதியைச் செய்து அனுப்பிய ஊர் அது; அந்த ஆலைகளில் முள்ளை வெட்டியதும் வளைத்ததும் பிளந்ததும் பெரும்பாலும் பெண்கள். ஆலைக்குப் போக முடியாத தாய்மார்கள் வீட்டில் பிள்ளைகளையும் உட்காரவைத்து, பொத்தான்களையும் கொக்கிகளையும் அட்டையில் தைத்துக் கொடுத்து அற்பக்கூலி வாங்கினார்கள்.

போர் வந்ததும் மாறியது எந்த இயந்திரத்தின்முன் நிற்கலாம் என்பதுதான். விட்டனில் இருந்த கைநாக் ஆலையில் தோட்டாக்கள், ஸ்மால் ஹீத்திலேயே இருந்த பிஎஸ்ஏ ஆலையில் துப்பாக்கிகள். அதுவரை தேர்ச்சிபெற்ற ஆண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வேலைகளைப் பெண்கள் செய்தார்கள். இது தற்காலிகம்தான் என்று அரசும் தொழிற்சங்கங்களும் 1915லேயே பேசிவைத்திருந்தன. அந்த வாக்குறுதியை நிறைவேற்ற 1919இல் ஒரு சட்டமே வந்தது. பெயர், போருக்கு முந்தைய நடைமுறைகளை மீட்கும் சட்டம். அதன்படி முதலாளிகள் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். வேலையிழந்த பெண்களுக்குக் கொஞ்சநாள் உதவித்தொகை கிடைத்தது. வீட்டுவேலைக்காரியாகப் போகச் சொல்லி, மறுத்தால் அதையும் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய வருடம் வந்த வாக்குரிமைச் சட்டம் 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உடைய பெண்களுக்கு மட்டுமே ஓட்டுக் கொடுத்திருந்தது. ஆலையில் தோட்டா செய்த இளம்பெண்களில் பெரும்பாலோர் அதற்கு வெளியே நின்றார்கள். ஆணுக்கு நிகராக 21 வயதில் ஓட்டு என்பது 1928இல்தான் வந்தது.

ஆக, டாமி அத்தைக்குச் சொன்ன பதில் ஒரு திமிர் பிடித்த இளைஞனின் வாய்ப்பேச்சு மட்டுமல்ல. அந்த வருடம் நாடாளுமன்றமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. தொடரை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். தெரிந்தும், அதை ஒரு கூர்மையான வசனமாக்கிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவர் ஸ்டீவன் நைட். அவருடைய பெற்றோர் ஸ்மால் ஹீத்காரர்கள். தொடர் எப்படிப் பிறந்தது என்பதற்கு அவர் பேட்டிகளில் இரண்டு குடும்பக் கதைகளைச் சொல்வது வழக்கம். ஒன்று அப்பாவுடையது. சிறுவனான அவர் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு சித்தப்பா பெரியப்பாமார் இருந்த வீட்டுக்கு ஓடுகிறார். கதவு திறக்கிறது. மேசை நிறையப் பணம். சுற்றிலும் மிடுக்காக உடுத்திய ஆண்கள். அவர்கள் ஜாம் பாட்டிலில் பீர் குடிக்கிறார்கள். மற்றொன்று அம்மாவுடையது. ஒன்பது வயதில் அவர் புக்கிக்காகப் பந்தயச் சீட்டு சுமந்தவர். தெருவில் பந்தயப்பணம் வாங்குவது 1906 முதல் சட்டப்படி குற்றம். பந்தயக்கடை வெளிப்படையாகத் திறக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் தொழில் நடந்தது இப்படிப்பட்டவர்களின் கால்களால். குழந்தையைப் போலீஸ் பிடிக்காது, சலவைக்கூடையோடு போகும் சிறுமியை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதால் துணியோடு துணியாகச் சீட்டும் காசும் போயின.

இந்த இரண்டு கதைகளில் எது 36 அத்தியாயங்களாக விரிந்தது என்று பாருங்கள். அப்பா பார்த்த மேசை. அந்த மேசைமேல் இருந்த பணம் எந்தக் கூடையில் வந்தது என்பது பின்னணியில் தங்கிவிட்டது.

உண்மையான பீக்கி ப்ளைண்டர்கள் வேறு காலத்து ஆட்கள். அந்தப் பெயர் செய்தித்தாளில் வந்தது 1890இல். முதல் உலகப்போர் தொடங்கும் முன்பே அவர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள். பர்மிங்ஹாம்காரரான வரலாற்றாசிரியர் கார்ல் சின் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தொப்பியில் பிளேடு வைத்துத் தைத்தார்கள் என்பதையும் அவர் ஏற்பதில்லை. அன்று பிளேடு ஏழைக்கு எட்டாத பொருள். அவருடைய சொந்தக் கொள்ளுத்தாத்தா எட்வர்ட் டெரிக் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவரைப் பற்றிக் கார்ல் சின் பெருமையாக எதுவும் சொல்வதில்லை: சில்லறைத் திருட்டு, அடிதடி, மனைவியை அடித்தல். தொடரில் ஷெல்பிகள் எதிரிகளின் கண்ணைக் கீறுகிறார்கள், ஆலையைக் கொளுத்துகிறார்கள். சொந்த வீட்டுக்குள் தினமும் விழுந்த அடிகளுக்கு அதில் பெரிய இடமில்லை. தெருவில் ரத்தம் சிந்தினால் காவியம் ஆகிறது. சமையலறையில் சிந்தியதைத் துடைத்துவிடுகிறார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலிக்கு அந்தத் தொடர் நிறையக் கொடுத்திருக்கிறது. ஹெலன் மெக்ரோரி அவளை நடித்த விதத்துக்காகவே பார்க்கலாம். அவளுடைய இரண்டு குழந்தைகளையும் அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மகள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்துபோனாள் என்று வருடங்கள் கழித்துத்தான் அவளுக்குத் தெரியவருகிறது. ஏழைக் குழந்தைகளைக் காலனி நாடுகளுக்குக் கப்பலேற்றிய உண்மை வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. எஸ்மியும் குடும்பக் கூட்டத்தில் எழுந்து, லண்டனுக்குத் தொழிலை விரிக்க வேண்டாம் என்று தைரியமாகப் பேசுகிறாள். எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு லண்டனுக்குப் போகிறார்கள்.

மெக்ரோரி 2021 ஏப்ரலில் காலமானார். ஆறாம் பருவத்தில் பாலியும் இல்லாமல் போனாள். வேறு வழியில்லைதான். ஆனால் அவள் சாவைக் கதை என்னவாக்குகிறது? அவள் மகன் மைக்கேல், அம்மாவின் சாவுக்கு டாமிதான் காரணம் என்று பழிவாங்கப் புறப்படுகிறான். கடைசியில் டாமி அவனைச் சுடுகிறான். உயிரோடிருந்தபோது மருமகன்களுக்கு நடுவே சமாதானம் பேசிக்கொண்டிருந்தவள், செத்தபிறகு பங்காளிச் சண்டைக்கு எரிபொருளாகிறாள்.

இதைவிட என்னை உறுத்துவது ஜெஸ்ஸி ஈடனுக்கு நடந்தது. பாலி கற்பனை. ஜெஸ்ஸி ஈடன் கற்பனையல்ல. 1902இல் பிறந்து 1986இல் மறைந்த பர்மிங்ஹாம் தொழிலாளி. கார்களுக்கு விளக்கும் மின்கருவிகளும் செய்த லூகாஸ் ஆலையில் வேலை. 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது தன் பிரிவுப் பெண்களை வெளியே அழைத்துவந்தவர். 1931இல் ஆலைக்குள் ஸ்டாப் வாட்ச் வந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் எத்தனை நொடி என்று அளந்து கூலியைத் தீர்மானிக்கும் முறை அது. ஜெஸ்ஸியின் கை வேகமானது என்பதால் அவர் வேலையை அளந்து மற்றவர்களுக்கும் அதையே அளவாக்கப் பார்த்தார்கள். நல்ல வேலைக்காரி என்ற பெயர் பக்கத்தில் நிற்பவளின் கழுத்துக்குக் கயிறாகும் என்பதை அவர் உடனே புரிந்துகொண்டார். சுமார் 10,000 பெண்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் ஜெஸ்ஸிக்கு வேலை போயிற்று.

தொடரில் இவர் நான்காம் பருவத்தில் நேரில் வருகிறார். ஷெல்பி ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லையென்று ஆண்கள் கழிப்பறைக்குள் நுழைவதுதான் அறிமுகக் காட்சி. நன்றாகவே இருக்கிறது; கைதட்டத் தோன்றுகிறது. பிறகு? டாமி அவரை விருந்துக்கு அழைக்கிறான், பழைய காதலைப் பற்றிக் கேட்கிறான், நெருங்குகிறான், கடைசியில் அவரிடமிருந்து தோழர்களைப் பற்றிய தகவலைக் கறந்து அரசாங்கத்தோடு பேரம் பேசுகிறான். ஜான் கொல்லப்பட்டு, ஆர்தர் பழிவெறியில் திரியும் பருவம் அது. சிதறிய சகோதரர்களை ஒட்டவைத்து டாமி மேலும் உயர வேண்டும். அந்த ஏணியில் ஜெஸ்ஸி ஒரு படி. பத்தாயிரம் பெண்களை நடத்தியவர், ஒரு கற்பனை ரவுடியின் வசீகரத்துக்கு மயங்கியவராக உலகத்துக்கு அறிமுகமானார். அவர் பெயரைத் தேடினால் இன்று முதலில் வருவது நடிகையின் படம்.

என் வகுப்பில் ஒரு மாணவி, அந்தத் தொடர் இல்லாவிட்டால் ஜெஸ்ஸி ஈடன் என்ற பெயரே எனக்குத் தெரிந்திருக்காதே என்றாள். மறுக்க முடியவில்லை. அப்படியானால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சதூரம் போ என்று 1939ஆம் ஆண்டைப் பற்றிப் படிக்கச் சொன்னேன். அந்த வருடம் பர்மிங்ஹாம் மாநகராட்சி வீடுகளின் வாடகையை எதிர்த்து 49,000 குடியிருப்பாளர்கள் வாடகை கட்ட மறுத்தார்கள். பத்து வாரம். முன்னால் நின்றது ஜெஸ்ஸி ஈடன். ஆண்கள் வேலைக்குப் போயிருந்த பகல் நேரங்களில் வசூலிக்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து, காசு கிடையாது என்று சொல்லித் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. மாநகராட்சி இறங்கிவந்தது.