சரோஜா: ஒரு தாமரைப் பெயரின் ஏற்றமும் இறக்கமும்

சிவாஜிநகரில் சரோஜா என்னும் பெயரைக் கேட்டவுடன் கேட்பவர் மனம் இரண்டு செய்திகளை ஊகிக்க முயலும். ஒன்று அகவை, மற்றொன்று தாய்மொழி. முதல் ஊகம் பெரும்பாலும் பொருந்திவிடும். அப்பெயருக்குரியவர் அறுபதைக் கடந்தவராக இருப்பார். இரண்டாவது ஊகத்திற்கு அப்பெயரில் பிடிமானமே இல்லை. அவர் தமிழராக இருக்கலாம்; கன்னடராகவோ தெலுங்கராகவோ இருக்கலாம். காலத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஒரு பெயர் மொழியை ஏன் இவ்வளவு முழுமையாக மறைக்கிறது என்பதே இப்பதிவின் வினா.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வடமொழியில் ‘சரஸ்’ என்பது ஏரியையும் குளத்தையும் குறிக்கும். ‘ஜ’ என்பது பிறந்ததைக் குறிக்கும். இவை புணரும்போது ‘சரஸ்’ என்பது ‘சரோ’ எனத் திரிகிறது. ஏரியில் பிறந்தது தாமரை. சரஸ்வதி என்னும் பெயரின் முற்பகுதியும் இந்தச் ‘சரஸ்’தான். இதே வாய்பாட்டில் அமைந்தவை சேற்றில் பிறந்த பங்கஜமும், நீரில் பிறந்த அம்புஜம், ஜலஜா, நீரஜா ஆகியவையும். இவை யாவும் ஒரே மலரின் பெயர்கள். மூலமொழியில் ‘சரோஜம்’ அஃறிணைச் சொல். பங்கஜம், கமலம், சரோஜம் எனத் தமிழ்ப் பெண்களின் பெயர்களில் அந்த ‘அம்’ ஈறு அப்படியே தங்கியதும் உண்டு. வடமொழிப் பெண்பால் ஈறாகிய ‘ஆ’ பெற்று, கமலா, சரோஜா என வழங்கியதும் உண்டு.

இதே மலருக்குத் திராவிட மொழிகளில் பொதுவான சொல்லும் இருக்கிறது. தமிழில் தாமரை, கன்னடத்தில் தாவரெ, தெலுங்கில் தாமர. வடமொழியின் ‘தாமரஸ’ என்னும் சொல்லே திராவிட மொழிகளிலிருந்து சென்றது என மொழியியலாளர் பலர் கருதுவர். ஆயினும் அன்றாடப் பேச்சில் பொதுவாக இருந்த இச்சொல் பெண்களின் பெயராகப் பொதுமை பெறவில்லை. தாமரை, தாமரைச்செல்வி ஆகியவை 1916இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்வந்த திராவிட இயக்கமும் உருவாக்கிய சூழலில் பரவிய பெயர்கள். சூட்டியவரின் மொழிப்பற்றை அவை வெளிப்படையாக அறிவித்தன. சரோஜாவோ மூன்று மொழியாரும் உரிமை கொண்டாடக்கூடிய பெயராக இருந்தது. எந்த மொழியையும் தனித்து அறிவிக்கவில்லை.

அப்பெயரின் ஏற்றத்திற்குப் பொதுவாழ்வும் திரையும் துணைநின்றன. 1879இல் ஐதராபாத்தில் பிறந்த சரோஜினி நாயுடு, 1925இல் கான்பூர் காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். இந்தியா முழுவதும் ஒலித்த அப்பெயர் சரோஜாவின் உடன்பிறப்பு. 1937இல் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’ வெளிவந்தது. அதில் நடித்த குழந்தை ‘பேபி சரோஜா’ தமிழகமெங்கும் புகழ்பெற்றாள். அக்காலத்தில் பிறந்த பெண்குழந்தைகள் பலருக்கு அப்பெயர் சூட்டப்பட்டதாகத் திரைவரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். 1939இல் ‘தியாகபூமி’யிலும் அக்குழந்தை நடித்தாள். அடுத்த அலை பெங்களூரிலிருந்தே எழுந்தது. இந்நகரில் பிறந்த பி. சரோஜாதேவி 1955இல் கன்னடத்தில் ‘மகாகவி காளிதாஸ’ படத்திலும், 1958இல் தமிழில் ‘நாடோடி மன்னன்’ படத்திலும் தோன்றினார். தெலுங்கிலும் இந்தியிலும் நடித்தார். ‘கன்னடத்துப் பைங்கிளி’ என்று தமிழர் அவரைக் கொண்டாடினர். பெயர் மொழி எல்லையைக் கடந்ததுபோலவே அப்பெயரைத் தாங்கிய நடிகையும் கடந்தார்.

இப்பெயர் சிவாஜிநகருக்கு இயல்பாகப் பொருந்தியதற்கு ஊரின் வரலாறே காரணம். 1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைமுகாம் அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து தமிழ் பேசும் படைவீரர், வணிகர், தொழிலாளர் வந்து குடியேறினர். அன்று பிளாக்பள்ளி எனப்பட்ட பகுதியே இன்றைய சிவாஜிநகர். தண்டுப்பகுதியும் பழைய நகரும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. 1927இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு ஆகியவை ஒன்றாகப் புழங்கின. இங்குள்ள ஒவ்வொரு சமயத்தாருக்கும் மலர்ப்பெயர்கள் உண்டு. புனித மரியன்னை பேராலயத்தைச் சார்ந்த கத்தோலிக்கரிடையே ரோஸ், லில்லி. இசுலாமியரிடையே யாஸ்மின், நர்கிஸ். இவை பெரும்பாலும் சமயத்தைச் சொல்லிவிடும். சரோஜாவும் இந்துப் பெயராகவே அறியப்பட்டது; எனவே அது மறைத்தது மொழியை மட்டுமே. அம்மா என்னும் சொல் சேர்ந்து ‘சரோஜம்மா’ ஆனபோதும் அம்மறைப்பு நீங்கவில்லை.

இறக்கத்திற்குப் பொருள் மங்கியதே காரணம் என்பர் சிலர். ‘சரஸ்’ இன்று பெரும்பாலோருக்குப் புரியாத சொல் என்பது உண்மை. ‘சரோஜா’வுக்குள் ‘ரோஜா’வைக் கேட்கும் காதுகளும் உண்டு, போர்ச்சுகீசியர்வழி வந்த ரோஜாவுக்கும் இப்பெயருக்கும் ஒலியன்றி உறவில்லை. ஆனால் பொருள் மங்கியது மட்டும் காரணமாயின், பொருள் நன்கு விளங்கும் கமலா நிலைத்திருக்க வேண்டும். கமலா, பத்மா, பங்கஜம், சரோஜா ஆகிய அனைத்தும் ஏறத்தாழ ஒருசேரப் பாட்டிமாரின் பெயர்களாகிவிட்டன. ஆகவே முதுமை எய்தியது மலரன்று. அப்பெயர்களைச் சூடிய தலைமுறை. ஒரு தலைமுறையில் வேகமாகப் பரவும் பெயர் அத்தலைமுறையோடு சேர்ந்தே மூப்படைகிறது.

இந்த இறக்கத்தில் இழப்பு ஒன்று இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. அத்தகைய நாள்களில் ஒருவரின் பெயரே அவருடைய மொழிக்குச் சான்றாகப் படிக்கப்படும். மொழியைக் காட்டிக்கொடுக்காத பெயர்கள் அண்டை வீட்டாரிடையே ஒரு பொதுநிலமாக இருந்தன. ஆய்வாளர்க்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: தண்டுப்பகுதியின் பழைய பதிவேடுகளில் பெயரை மட்டும் கண்டு மொழிக்குடியைக் கணக்கிடுவது பிழையில் முடியும்.

வாக்காளர் பட்டியல்கள் பெயரையும் அகவையையும் ஒருசேரத் தருகின்றன. ஆனால் அவற்றில் இன்று வாழ்வோர் மட்டுமே இடம்பெறுவர். மறைந்தோரின் பெயர்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் பழைய குடும்ப அட்டைகளிலும் உள்ளன. சிவாஜிநகர், அல்சூர்ப் பகுதிகளைச் சேர்ந்த மாணவ நண்பர்கள் தத்தம் வீட்டில் உள்ளவற்றைப் படியெடுத்து, பிறந்த ஆண்டையும் வீட்டுமொழியையும் உடன் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைச் சொல்லக்கூடிய சரோஜாக்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.