தொழிற்சங்கத் தேர்தலில் அஞ்சல் வாக்கு

தொழிற்சங்கத் தலைமையை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறைகளில் ஒன்று அஞ்சல் வாக்கு. வாக்குச்சீட்டு உறுப்பினரின் வீட்டுக்குத் தபாலில் வரும். அவர் குறியிட்டு, தபால்செலவு முன்கூட்டியே கட்டப்பட்ட உறையில் திருப்பி அனுப்புவார். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் கட்டாயம் இல்லை. ஆனாலும் டீம்ஸ்டர்ஸ், யுனைடெட் ஆட்டோ ஒர்க்கர்ஸ் போன்ற பெரிய சங்கங்கள் தேசியத் தலைவரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கின்றன. எண்ணிக்கையில் நடக்கும் தில்லுமுல்லுகளை இம்முறை பெருமளவு தடுத்தது. ஆனால் உறுப்பினர்களை வாக்களிக்க வைப்பதில் அது இன்றும் திணறுகிறது.

நடைமுறை

அமெரிக்காவில் வழக்கமாக இரண்டு உறைகள் உண்டு. குறியிட்ட சீட்டைப் பெயரில்லாத உள் உறையில் போட்டு, அதை உறுப்பினரின் அடையாளம் உள்ள வெளி உறையில் வைக்க வேண்டும். திரும்பி வரும் உறைகள் இதற்கென்று எடுத்த தபால் பெட்டியில் சேரும். எண்ணும் நாளில் வேட்பாளர்களின் பார்வையாளர்கள் முன்னிலையில் வெளி உறையை உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். தகுதி உறுதியானால் உள் உறைகளைப் பிரித்து, ஒன்றாகக் கலந்த பிறகே திறப்பார்கள். யார் வாக்களித்தார் என்பது தெரியும். யாருக்கு என்பது தெரியாது.

முழு ஏற்பாடும் முகவரிப் பட்டியலை நம்பி நிற்கிறது. வீடு மாறியவருக்குச் சீட்டு போய்ச் சேராது. கேட்டால் மாற்றுச் சீட்டு தருவார்கள். ஆனால் தேர்தல் நடப்பதே தெரியாதவர் கேட்க மாட்டார்.

கிளை வாக்கிலிருந்து வீட்டு வாக்குக்கு

பிரிட்டனில் எலெக்ட்ரிக்கல் டிரேட்ஸ் யூனியன் என்ற மின்தொழிலாளர் சங்கம் 1959இல் நடத்திய பொதுச் செயலாளர் தேர்தல், எண்ணிக்கையை யார் கையில் விடுவது என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. உறுப்பினர்கள் கிளைகளில் வாக்களிப்பார்கள். கிளையின் முடிவு தபாலில் தலைமை அலுவலகம் போகும். பதவியிலிருந்த கம்யூனிஸ்ட் ஃபிராங்க் ஹாக்ஸெல், ஜான் பைர்னைவிடச் சுமார் ஆயிரம் வாக்குகள் அதிகம் பெற்றதாக அறிவிப்பு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளின் முடிவுகள் செல்லாதவையாக ஒதுக்கப்பட்டிருந்தன. பல கிளைகளின் மீது சொல்லப்பட்ட குற்றம், முடிவைத் தாமதமாக அனுப்பியது.

பைர்ன் வழக்குத் தொடர்ந்தார். 1961இல் நீதிபதி வின் தீர்ப்பளித்தபோது சூழ்ச்சி அம்பலமானது. பைர்னுக்குச் சாதகமான கிளைகள் உரிய நேரத்தில் அனுப்பிய உறைகளுக்குப் பதிலாக, பிந்தைய தேதி முத்திரை விழுந்த போலி உறைகள் வைக்கப்பட்டிருந்தன. அதற்காகவே ஆட்கள் அந்தந்த ஊர்களுக்குப் போய்த் தபாலில் போட்டிருந்தார்கள். பைர்னே வெற்றி பெற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது. தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டியூசி அந்த ஆண்டே சங்கத்தை வெளியேற்றியது. புதிய தலைமை 1960களிலேயே உறுப்பினர் வீட்டுக்குச் சீட்டு அனுப்பும் முறைக்கு மாறி, எண்ணும் வேலையை எலெக்டோரல் ரிஃபார்ம் சொசைட்டி என்ற வெளி அமைப்பிடம் கொடுத்தது.

ஒரு சங்கம் தானாக ஏற்றதை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது மார்கரெட் தாட்சர் அரசு. செயற்குழுவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது 1984ஆம் ஆண்டுச் சட்டம். 1988இல் பணியிட வாக்கெடுப்புக்கும் இடமில்லாமல் போனது. சுயேச்சையான தேர்தல் ஆய்வாளர் கட்டாயமானார். சங்கத்தின் உள்விவகாரத்தில் அரசு தலையிடுவதாகவே தொழிற்சங்கங்கள் இதைப் பார்த்தன. 1992ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின்படி ஒவ்வொரு சீட்டிலும் ஆய்வாளரின் பெயரும், திருப்பி அனுப்பக் கடைசி நாளும், தொடர் எண்ணும் இருக்க வேண்டும்.

அமெரிக்கா: வழக்கின் வழியே வந்த வாக்கு

அமெரிக்காவின் 1959ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தேசியச் சங்கங்களுக்கு இரண்டு வழிகளை விட்டது: எல்லா உறுப்பினர்களும் ரகசியமாக வாக்களிக்கலாம், அல்லது அப்படித் தேர்வான பிரதிநிதிகள் மாநாட்டில் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் இரண்டாவது வழியில் இருந்தது; மாஃபியா கும்பல்களின் பிடி அங்கே இறுகியது. 1988இல் மத்திய அரசு வழக்குப் போட்டது. 1989 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத்தின் பலனாக, 1991இல் முதல்முறையாக உறுப்பினர்கள் தபாலில் நேரடியாக வாக்களித்தார்கள். மும்முனைப் போட்டியில் நியூயார்க்கின் ரான் கேரி, பாதிக்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு வென்றார்.

அடுத்த தேர்தல் இந்த முறையின் எல்லையையும் காட்டிவிட்டது. 1996இல் ஜேம்ஸ் ஹோஃபாவைக் கேரி குறைந்த வித்தியாசத்தில் வென்றார். சங்கப் பணம் சுற்றுவழியில் அவரது பிரசாரத்துக்குப் போனது தெரியவந்ததால் 1997இல் அந்த முடிவு ரத்தானது. வாக்குச்சீட்டில் யாரும் கைவைக்கவில்லை, கைவைத்தது கஜானாவில்.

483 வாக்குகள்

வாகனத் தொழிலாளர்களின் யுனைடெட் ஆட்டோ ஒர்க்கர்ஸ் சங்கமும் அதே பாதையில் வந்தது. முன்னாள் தலைவர்கள் இருவர் ஊழல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபின், 2021இல் நீதிமன்றம் கண்காணிப்பாளராக நீல் பரோஃப்ஸ்கியை நியமித்தது. அந்த ஆண்டின் இறுதியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 63.7 சதவீதம் பேர் நேரடித் தேர்தலைக் கேட்டார்கள்.

2022 அக்டோபரில் ஓய்வுபெற்றவர்கள் உட்படச் சுமார் 10 லட்சம் பேருக்குச் சீட்டு அனுப்பப்பட்டது. திரும்பி வந்தவை ஏறத்தாழ 1 லட்சத்து 6 ஆயிரம். பழைய முகவரிகள், தேர்தலே தெரியாத உறுப்பினர்கள் என்று புகார்கள் கிளம்பின. வேட்பாளர்களில் ஒருவரான வில் லேமன், அவகாசத்தை நீட்டிக்கக் கோரி நீதிமன்றம் போனார்; கோரிக்கை ஏற்கப்படவில்லை.

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் இரண்டாம் சுற்று நடந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டேட்டனில் 2023 மார்ச் 1 அன்று எண்ணிக்கை தொடங்கியது. இரண்டாம் சுற்றில் மோதிய இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தைவிட, தகுதி கேள்விக்குள்ளான சீட்டுகள் அதிகமாக இருந்ததால் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வாரக்கணக்கில் ஆனது. மார்ச் 25 அன்று முடிவு வந்தது: ஷான் ஃபெயின் 69,459, பதவியிலிருந்த ரே கரி 68,976. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லான்டிஸ் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார் ஃபெயின்.

பங்கேற்பும் மின்வாக்கும்

குறைவான வாக்குப்பதிவில் பிரிட்டனிலும் இதே கதைதான். பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்களைக் கொண்ட யுனைட் சங்கத்தில், 2021இல் ஷரான் கிரஹாம் 46,696 வாக்குகளில் பொதுச் செயலாளரானார். வாக்களித்தவர்கள் சுமார் 12 சதவீதம். வேலைநிறுத்த வாக்கெடுப்பு செல்லுபடியாகப் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நிபந்தனை, தலைமைத் தேர்தலுக்கு இல்லை.

அரசியல் கட்சிகள் தலைவரை இணையவழியில் தேர்ந்தெடுக்கும்போது தங்களுக்கு மட்டும் ஏன் தடை என்று தொழிற்சங்கங்கள் கேட்டுவந்தன. பிரிட்டன் அரசுக்காக இதை ஆராய்ந்த சர் கென் நைட், 2017 டிசம்பரில் தந்த அறிக்கையில் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்றார். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2016இல் மின்வாக்குக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆனால் 1959ஆம் ஆண்டுச் சட்டம், வாக்குச்சீட்டுகளை ஓராண்டு பாதுகாக்கவும் எண்ணிக்கையைப் பார்வையாளர்கள் பார்க்கவும் சொல்கிறது. காகிதத்தில் இவை இரண்டும் எளிது. மென்பொருளில் எண்ணிக்கையைச் சரிபார்க்கும்படி செய்யும் அதே நேரத்தில் வாக்கின் ரகசியத்தையும் காக்க வேண்டியிருப்பதே அங்குள்ள சிக்கல்.