டன்னிங்டன் செயலி

டன்னிங்டன் என்பது இன்டெல் நிறுவனத்தின் பெங்களூர் மையத்தில் வடிவமைக்கப்பட்டு, 2008 செப்டம்பரில் சியோன் 7400 என்ற பெயரில் வெளிவந்த வழங்கிக் கணினிச் செயலி (சர்வர் பிராசசர்) ஆகும். முந்தைய சியோன்கள் மிகுதியாகச் சூடேறியதால், 2006 முதல் இன்டெல் மடிக்கணினிச் செயலிகளின் சிக்கன வழியில் வந்த வடிவமைப்புக்கு மாறியிருந்தது. டன்னிங்டனின் கருக்களும் அவ்வாண்டு மடிக்கணினிகளில் இருந்த பென்ரின் குடும்பத்தவையே.

பென்ரின் வகை மடிக்கணினிச் செயலியான டி9300-இல் 2 கருக்கள், 2.5 கிகாஹெர்ட்ஸ், 35 வாட். சியோன் எக்ஸ்7460-இல் 6 கருக்கள், 2.66 கிகாஹெர்ட்ஸ், 130 வாட். வகுத்துப் பார்த்தால் கரு ஒன்றுக்கு 17.5 வாட், ஏறத்தாழ 22 வாட். வேகத்திலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்கலாம். வழங்கியின் வலிமை வேறிடத்தில் இருந்தது: ஆறு கருக்களும் பகிர்ந்துகொள்ளும் 16 மெகாபைட் கேச் நினைவகம், ஒரே கணினியில் இத்தகைய 4 செயலிகளைப் பூட்டும் வசதி. மடிக்கணினிச் செயலியோ வேலையில்லாத கணங்களில் கருக்களையும் கேச் நினைவகத்தையும் உறங்கவைத்து மின்கலத்தைக் காத்தது.