ஆயாக் கொட்டகை முதல் மறுவாழ்வு நிலையம் வரை

கெடா, பினாங்கு, பேராக் ஆகிய மூன்று மாநிலங்களும் கிரியான் ஆற்றையொட்டிச் சந்திக்கும் எல்லையில் அமைந்தது பண்டார் பாரு. இவ்வட்டாரம் போன்ற தோட்டப்புறங்களில் நம் முன்னோர் கோயிலுக்கு அடுத்தபடியாக நம்பிய இடம் ஆயாக் கொட்டகையே எனலாம். கோயிலில் குறைகளை ஒப்படைத்தனர். கொட்டகையில் குழந்தைகளை ஒப்படைத்தனர்.

இளங்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்கு சுரக்கும். எனவே பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், உறங்கும் பிள்ளையைத் தோளில் சார்த்திக்கொண்டு இருளிலேயே லயத்தை விட்டுப் புறப்படுவாள். கொட்டகையின் உத்திரத்தில் சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கும். பால்மரம் வெட்ட வலுவிழந்த மூதாட்டி ஒருவர் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆயாவாக இருப்பார். பாலூட்டுவது, அழுதால் தூளியை ஆட்டுவது, காய்ச்சல் கண்டால் டிரசருக்கு ஆள் அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு.

இக்கொட்டகைகள் துரைமாரின் இரக்கத்தால் மட்டும் எழுந்தவை அல்ல. இந்தியாவில் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்புவதில் நிபந்தனைகள் இறுகின. அதன் விளைவாகவே 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களில் பிறந்தது. தோட்டப் பள்ளிக்கும் பிள்ளைக் காப்பகத்திற்கும் பேறுகால உதவிக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது அப்போதுதான்.

பசிக்கும் காவலுக்கும் கொட்டகை போதுமானதாயிருந்தது. ஆனால், உரிய வயதில் நடவாத பிள்ளைக்கும், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளைக்கும் அங்கே வழி இல்லை. டிரசரிடம் கொயினா இருந்தது, பயிற்சி இல்லை. பூசாரியாரிடம் திருநீறு பெற்றுத் தாய் மனந்தேறினாள். பிள்ளையின் கால் மட்டும் தேறவில்லை. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அப்பிள்ளையைப் பின்னறையில் வைத்த குடும்பங்களும் உண்டு. முன்வினை என்று பழிசொன்ன ஊராரின் வாய்க்கு அஞ்சியே அவ்வாறு செய்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பின்னர் வந்தது சப்பான்காரன் காலம். 1942-43இல் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் 75,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். திரும்பாதவர்களின் மனைவியரும் மக்களும் லயங்களில் ஆதரவற்று நின்றனர். கெடாவே 1943இல் சயாமின் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்த நேரம் அது, முறையிடுவதற்கும் ஆளில்லை.

இத்தகைய பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்தவை ஆன்மிக இல்லங்கள். பினாங்கு ஸ்காட்லாந்து சாலையில் 1938ஆம் ஆண்டு முதல் இராமகிருஷ்ண ஆசிரமம் அநாதைச் சிறுவர்களைப் பேணி வந்தது. கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தர் 1949இல் சுத்த சமாஜத்தை நிறுவினார். 1961இல் அவர் மறைந்தபின் அப்பணியை ஏற்ற அன்னை மங்களம், 2023இல் தாம் மறையும் வரை அதற்கே வாழ்ந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணங்களுக்குச் சிதறிய காலத்தில் இவ்வில்லங்களின் வாயிலில் நின்ற பிள்ளைகள் எத்தனையோ.

ஊனமுற்ற பிள்ளைகளுக்கான வழி 1984இல் திறந்தது. அவ்வாண்டு திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூக நலத்துறை தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம், இன்று பி.டி.கே. என்ற பெயரில் நாடெங்கும் நிலையங்களாகப் பரவியுள்ளது. கை கால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தானே உண்ணவும் உடுத்தவும் பழக்குதல் ஆகியவை அங்கே நடைபெறுகின்றன. பெரிய மருத்துவமனையின் சிகிச்சையாளர் எப்போதோ ஒருமுறைதான் வருவார். அவர் காட்டிக்கொடுத்ததை அன்றாடம் செய்பவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களே. வீட்டில் தொடர்பவள் தாய். நிலையத்தின் நிர்வாகக் குழுவில் பெற்றோரும் அமர்கின்றனர். பின்னறையில் கிடந்த பிள்ளை காலையில் குளித்து, உடுத்தி, பை மாட்டிக்கொண்டு வெளியே புறப்படுகிறது.