வணிக வாழ்த்தும் தமிழும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து

தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்து என்றொரு வகையைக் கூறுகின்றது. வாழ்த்துபவர் தம் தெய்வத்தை முன்னிறுத்தாது, வாழ்த்தப்படுவோர் வழிபடும் தெய்வம் அவரைக் காக்கவேண்டுமென விரும்புவது அதன் இயல்பு. கேட்போர் மரபறிந்து வாழ்த்துவது இக்கால வணிகர் புதிதாகக் கண்ட உத்தியன்று.

ரப்பர்ப் பயிர் பெருகிய காலத்தில் சிரம்பான், ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் பெருமளவில் குடியேறினர். தெலுங்கரும் மலையாளிகளும் உடனிருந்தனர். தமிழருள்ளும் இந்துக்கள், கிறித்துவர், இசுலாமியர் எனப் பலர் இருந்தமையால், ஒரே வாழ்த்து எல்லார்க்கும் பொருந்தவில்லை. அண்டை ஊர்களில் கடை நடத்திய சீன வணிகருட் பலர் பேரம் பேசும் அளவிற்குத் தமிழ் கற்றிருந்தனர். பற்றுக் கணக்கு வைத்திருந்த குடும்பத்தின் திருநாள் எதுவென அவர் அறிவார். அன்று வாழ்த்து வாய்மொழியாகவே அமைந்தது.

அச்சில் அது வேறு வடிவம் பெற்றது. 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' முதலிய இதழ்களின் தீபாவளிப் பதிப்புகளில் வணிக நிறுவனங்கள் வாழ்த்து விளம்பரம் வெளியிட்டன. பின்னாளில் 'செலாமாட் ஹரி தீபாவளி' என்னும் மலாய்த் தொடர் பரவிற்று. அரபு வழிவந்த செலாமாட்டும், மலாய்ச் சொல்லாகிய ஹரியும், வடமொழி வழிவந்து தமிழர் நாவில் நிலைத்த தீபாவளியும் அதில் ஒருங்கே நிற்கின்றன. சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்த 1996 முதல் 1998 வரையிலான ஆண்டுகளில் 'கொங்சி ராயா' வழங்கலாயிற்று. 2005-இல் தீபாவளி நவம்பர் 1 அன்றும் நோன்புப் பெருநாள் நவம்பர் 3 அன்றும் வந்தன. 'தீபராயா' என்னும் சொல்லும் அக்காலத்தில் பரவிற்று. பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக யாஸ்மின் அகமது (1958–2009) இயக்கிய திருநாள் விளம்பரப் படங்கள் ஓர் இனத்தின் பண்டிகையைப் பிற இனத்தாரும் தம் வீட்டுக் கதையாக உணரச் செய்தன.

இதற்கிடையே ரப்பர் மரங்கள் செம்பனைக்கும், தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் இடந்தந்தன. குடும்பங்கள் நகர்ப்புறம் சேர்ந்தன. முகமறிந்த கடைக்காரர் கூறிய வாழ்த்தின் இடத்தில் இப்பொழுது பேரங்காடியின் பதாகை தொங்குகின்றது. அதில் பிழைகள் மலிகின்றன. உரோமன் எழுத்து லகர ளகர வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அதனின்று மீண்டும் தமிழாக்குவோர் 'தீபாவலி' என எழுதிவிடுகின்றனர். வரிசையைக் குறிக்கும் ஆவளி மறைந்து, வலி முன்னிற்கின்றது! தமிழ் எழுத்தமைப்பை அறியாத கணினிச் செயலியில் ஒகரக் குறியின் முற்பகுதி தன் இடத்திற்கு வாராமையால் 'பொங்கல்' சிதைகின்றது. 'வாழ்த்துகள்' என்பதில் கள் என்பது பன்மை விகுதியாதலின் வலி மிகாது என்பது பலர்தம் முடிபு. அங்கும் ஒற்று மிகுத்தெழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது.

இவை சிறு பிழைகளல்லவா எனக் கேட்கலாம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துக் குழந்தை, பள்ளிக்கும் கோயிலுக்கும் வெளியே பொதுவிடத்தில் காணும் தமிழ் பெரும்பாலும் அப்பதாகையில் உள்ளதே. அதுவும் பிழைபட்டால், தன் மொழி விளக்கையும் கோலத்தையும் போன்ற அலங்காரமே என அக்குழந்தை எண்ணக்கூடும். குற்றமற்ற மலாய்த் தொடரின் அருகே குறையுடைய தமிழ்த் தொடர் நிற்பது மதிப்பின் ஏற்றத்தாழ்வையும் உணர்த்திவிடும்.

பரிகாரம் அரிதன்று. வாழ்த்தப்படுவோர் யாவர், அவர்தம் திருநாள் எது என முதலில் கேட்டறிதல் வேண்டும். அச்சேற்றுமுன் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும். அன்றைய கடைக்காரர் தம் வாடிக்கையாளரிடமே கேட்டுத் தமிழ் கற்றார். இன்றைய நிறுவனமும் அவ்வாறே கேட்கலாம். கேட்டால் சொல்லித்தர நாமும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.