உப்புக்குள் வளர்ந்த பளிங்கும் உறைய வைத்த கைகளும்

புரதப் பளிங்கு எண்டவுடன் கற்கண்டு மாதிரிக் கெட்டியான சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அதில் பாதியளவு தண்ணீர்தான். காற்றில் விட்டால் காய்ந்து உள்ளொழுங்கு குலைந்துவிடும். 1934இல் கேம்பிரிட்ஜில் பேர்னாலும் டொரதி குரோபுட்டும் பெப்சின் பளிங்கை அது வளர்ந்த கரைசலோடேயே மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். ஒரு புரதத்திலிருந்து தெளிவான புள்ளிகள் படத்தில் விழுந்தது அப்போதுதான்.

ஆனால் படம் பிடிக்கிற கதிரே பளிங்கைக் கொல்லும். குளிர வைத்தால் சேதம் குறையும், சரி. குளிர வைத்தால் தண்ணீர் பனிக்கட்டியாகிப் பளிங்கை வெடிக்க வைக்குமே? கிளிசரோலோ சீனியோ கலந்தால் தண்ணீர் பனியாகாமல் கண்ணாடி போல இறுகும். இங்கேதான் உப்பு குறுக்கே வந்தது. ஏராளமான புரதங்கள் செறிவான அமோனியம் சல்பேற்றுக் கரைசலில்தான் பளிங்காகின்றன. அதற்குள் கிளிசரோலைக் கூட்டினால் உப்பு படிந்துவிடும். உப்பைக் குறைத்தால் பளிங்கே கரைந்துபோகும். என்னதான் செய்யிறது?

1970இல் டேவிட் ஹாசும் மைக்கேல் ரொஸ்மனும் ஒரு வழி காட்டினார்கள். சிறுசுறா ஒன்றின் லக்ரேற்று டிஹைதரசனேசுப் பளிங்கை, அமோனியம் சல்பேற்றோடு சுக்குரோசு சேர்ந்த கரைசலில் ஊறவைத்து, −75 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தார்கள். பளிங்கு தப்பியது, கதிர்ச்சேதமும் நன்றாகக் குறைந்தது. நல்ல முடிவுதான். ஆனாலும் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் இன்னும் இருபது வருடத்துக்குக் கண்ணாடிக் குழாயை விடவில்லை.

அவசரத்தைக் கொண்டுவந்தது இறைபோசோம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்: கலத்துக்குள் புரதம் செய்கிற இடம். அடா யோனத் தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்களில் ஒன்று சாக்கடலில் வாழ்வது. அதன் கலத்துக்குள்ளேயே பொற்றாசியம் குளோரைட்டு நிறைந்திருக்கும். உப்பில்லாவிட்டால் அதன் இறைபோசோம் குலைந்துவிடும். அந்தப் பளிங்குகளோ சாதாரண வெப்பநிலையில் வலிமையான எக்ஸ் கதிருக்கு முன் உடனேயே செத்தன.

அப்போது கைகொடுத்தவர் கலிபோர்னியாவிலிருந்த நோர்வேக்காரர் ஹாகோன் ஹோப். அவருடைய ஒரு முறை வலு எளிமையானது. பளிங்கை எண்ணெய்க்குள் போட்டு, வெளியே ஒட்டியிருக்கும் கரைசலை வழித்து அகற்றிவிட்டுச் சடாரெனக் குளிர வைப்பது. உள்ளே மிஞ்சுகிற தண்ணீர் நுண்ணிய இடுக்குகளில் அடைபட்டிருப்பதால் இலகுவில் பனியாகாது. இன்னொன்று, கண்ணாடியாக இறுகக்கூடிய கரைசலுக்குப் பளிங்கைப் பழக்குவது. 85 கெல்வினில், அதாவது ஏறத்தாழ −188 பாகையில், ஒரே பளிங்கிலிருந்து முழுத் தரவையும் எடுக்கலாம் என்று 1989இல் எழுதினார்கள். அடுத்த வருடமே ட்சு-யி டெங் சின்ன வளையத்தால் பளிங்கைத் தூக்கும் முறையை வெளியிட்டார். பிள்ளைகள் சவர்க்காரக் குமிழி ஊதுகிற வளையம் போலத்தான், கரைசல் ஏடாய்ப் படர்ந்து பளிங்கைத் தாங்கும்.

2000இல் அதே சாக்கடல் உயிரியின் பெரிய இறைபோசோம் உபஅலகை 2.4 ஆங்ஸ்ட்ரம் நுணுக்கத்தில் யேல் குழு வெளியிட்டது. நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் பல இறைபோசோமில் எங்கே போய் ஒட்டுகின்றன என்பதை இப்படிப்பட்ட படங்களில்தான் கண்ணால் பார்க்க முடிந்தது. 2009இல் யோனத், ஸ்ரைட்ஸ், ராமகிருஷ்ணன் மூவருக்கும் நோபல் பரிசு. ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்ற செய்தி தமிழர் மத்தியில் நன்றாகவே ஓடியது. ஹோப்பின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்க ஏலாது என்பது விதி. அதற்காக வரலாறு எழுதுகிற நாங்களும் மூன்றோடு நிற்க வேண்டுமா?

அந்த உப்புச் சிக்கல்? 2000இல் லிதியம் சல்பேற்று போன்ற சில உப்புகள் தாங்களே பனி உருவாவதைத் தடுக்கும் என்று காட்டினார்கள். 2003இல் சோடியம் மலோனேற்றின் முறை வந்தது. செறிவான உப்பில் வளர்ந்த பளிங்கை அதற்குள் மாற்றினால் பளிங்கு கரையாது, தண்ணீரும் பனியாகாது. கிளிசரோலே தேவையில்லை.