சமவாய்ப்பு உடையும் இடம்: பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் விளையாட்டுகளைத் திருத்தணியிலிருந்து ஒப்பிடுதல்

கைபேசித் துப்பாக்கி விளையாட்டுகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் காட்சித் துல்லியத்தில் தொடங்கி ஆயுதப் பட்டியலில் முடிக்கிறார்கள். அந்த அளவுகோலில் பிஜிஎம்ஐ எனச் சுருக்கி அழைக்கப்படும் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா எளிதில் வென்றுவிடும். ஃப்ரீ ஃபயரோ 'ஏழைகளின் பப்ஜி' என்ற ஏளனத்தோடு ஒதுக்கப்படும். ஆட்டத்தை ஆடுபவர் யார், அவர் கையில் இருக்கும் கருவி எது, அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்ற கேள்விகள் அந்த ஒப்பீட்டில் எழுவதே இல்லை. அவற்றை எழுப்பிப் பார்த்தால் இரு விளையாட்டுகளின் நிறைகுறைகளும் இடம் மாறித் தெரியும் என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டுமே ஆடுவோருக்குச் சமவாய்ப்பை வாக்களிக்கின்றன. இரண்டுமே அதை ஓரிடத்தில் கைவிடுகின்றன. பிஜிஎம்ஐ கைவிடுவது ஆட்டம் தொடங்கும் முன்பே, கைபேசியின் விலையில். ஃப்ரீ ஃபயர் கைவிடுவது ஆட்டத்துக்குள்ளேயே, பணம் கொடுத்து வாங்கும் டயமண்ட் என்ற ஆட்டக்காசின் விலையில்.

பிரெஞ்சு அறிஞர் ரோஜர் கைய்வா 1958இல் வெளியிட்ட தம் நூலில் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், வேடம், கிறுகிறுப்பு என நான்காகப் பகுத்தார். போட்டி வகைக்கு அவர் கூறிய முதன்மை இலக்கணம், ஆடுவோரின் வாய்ப்புகள் செயற்கையாகச் சமமாக்கப்பட வேண்டும் என்பது. ஊர்க் கபடிப் போட்டிகளில் எடை பார்த்து அணிகளைப் பிரிப்பது இதற்காகத்தான். இயல்பில் சமமில்லாத இருவரை ஆடுகளத்தின் எல்லைக்குள் மட்டுமாவது சமமாக நிறுத்துவது விளையாட்டு மனிதர்க்குச் செய்யும் பெரிய மரியாதை. அந்த மரியாதையை ஒரு விளையாட்டு எவ்வளவு தூரம் காக்கிறது என்பதையே இங்கு அளவுகோலாகக் கொள்கிறேன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கத் திருத்தணி பொருத்தமான இடம். எல்லைப் போராட்டத்திற்குப் பின் 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. மலைமேல் முருகன் கோயிலும் கீழே கடைத்தெருவும், சுற்றிலும் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை என்று தறி ஓடும் ஊர்களும் உள்ளன. புறநகர் மின்சார ரயிலில் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருவோர் பலர். தறிக் குடும்பங்களில் ஒரு கைபேசியை அண்ணனும் தம்பியும் பகிர்ந்துகொள்வது அரிதல்ல. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எதிரே வருபவன் ஆந்திரத்து நகரியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் ஒன்றுதான். ஆட்டத்தின் சர்வர் எல்லோரையும் ஒரே தீவில் இறக்கிவிடுகிறது. ஆகவே கருவியும் நேரமும் பணமும் குறைவான ஓர் ஆட்டக்காரர், அவை நிறைந்த ஒருவரோடு நேருக்கு நேர் மோதுவது இங்கு அன்றாடம் நடக்கிறது.

இரண்டின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பலர் இறங்கி ஒருவர் எஞ்சும் இந்த ஆட்டவகைக்கு 2000இல் வந்த ஜப்பானியத் திரைப்படமான 'பேட்டில் ராயல்' தூண்டுதலாக இருந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் அதைப் பப்ஜி என்ற கணினி விளையாட்டாக வளர்த்தெடுத்தார். அதன் கைபேசி வடிவமான பப்ஜி மொபைல், சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் ஆக்கமாக 2018இல் வந்தது. சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் ஃப்ரீ ஃபயரை அதற்குச் சற்று முன்னரே, 2017 இறுதியில் வெளியிட்டிருந்தது. இந்திய அரசு 2020 செப்டம்பரில் 118 செயலிகளைத் தடைசெய்தபோது பப்ஜி மொபைல் போயிற்று. அதற்கு மாற்றாகத் தென்கொரியாவின் கிராஃப்டன் 2021 ஜூலையில் பிஜிஎம்ஐயைக் கொண்டுவந்தது. அதுவும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. 2022 பிப்ரவரியில் தடைபட்ட ஃப்ரீ ஃபயர், தடைக்குள் வராத ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற மேம்பட்ட வடிவில் இங்கே வாழ்கிறது.

பிஜிஎம்ஐயின் ஆற்றல் அதன் பரப்பில் இருக்கிறது. எரங்கல் தீவு எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். இறங்குவோர் 100 பேர். ஓர் ஆட்டம் முடிய அரைமணி நேரம் ஆகும். இதில் பெரும்பகுதி சண்டையே இல்லாத நேரம். வீடு வீடாகத் தேடுவது, மேட்டில் படுத்து வயல்வெளியைப் பார்ப்பது, சுருங்கும் வட்டத்துக்குள் எந்த வழியாக நுழைவது என்று நால்வரும் கலந்து பேசுவது என அது கழிகிறது. இந்தக் காத்திருப்புதான் பின்னால் வரும் சில நொடிச் சண்டைக்குக் கனம் சேர்க்கிறது. தொலைவுக்கேற்பத் தோட்டா தாழ்ந்து விழும், சென்றுசேர நேரமும் எடுக்கும். ஆகவே ஓடுபவனைச் சுட அவன் உடலுக்குச் சற்று முன்னே குறிவைக்கத் தெரிய வேண்டும். காலடி ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டே மாடியில் ஒருவன் இருப்பதை அறியலாம். துப்பாக்கிக்கு எவ்வளவு பணத்தைச் செலவழித்து ஸ்கின் என்ற மேற்தோற்றத்தைப் போட்டாலும் அதன் தாக்குதிறன் கூடாது. விமானத்திலிருந்து குதிக்கும் நொடியில் எல்லோரும் வெறுங்கையர். வடிவமைப்பு என்ற வகையில் இதைவிடத் தூய்மையான சமநிலையை இவ்வகை ஆட்டங்களில் காண்பது கடினம்.

ஆனால் அந்தச் சமநிலைக்குள் நுழையவே ஒரு கட்டணம் இருக்கிறது. பிஜிஎம்ஐயில் ரீகாயிலை, அதாவது சுடும்போது துப்பாக்கி எகிறுவதை, அடக்கும் கலை பெரிதும் ஜைரோஸ்கோப்பை நம்பியது: கைபேசியை லேசாகச் சாய்த்தே குறியை நிலைநிறுத்துவார்கள். விலை குறைந்த பல கைபேசிகளில் அந்த உணரியே இருப்பதில்லை. நொடிக்கு 90 சட்டகங்கள் ஓடும் திரையில் தெரியும் எதிரியும் 30 சட்டகங்களில் திணறும் திரையில் தெரியும் எதிரியும் ஒருவரல்லர். முதல் திரையில் அவன் சீராக ஓடுகிறான், இரண்டாம் திரையில் தாவித் தாவி மறைகிறான். அரைமணி ஆட்டத்தில் பழைய கைபேசி சூடேறி மேலும் மெதுவாகும். தோற்றவர் தன் திறமையைக் குறைசொல்லிக்கொள்வார். உண்மையில் அவரை வென்றது எதிரியின் கருவி. 2 கிலோமீட்டர் சதுரமான லிவிக் போன்ற சிறு வரைபடங்கள் நேரச் சிக்கலைத் தணிக்கின்றன, கருவிச் சிக்கலைத் தீர்ப்பதில்லை. 60 பேர் ஆடும் பப்ஜி மொபைல் லைட் என்ற எளிய வடிவம் 2019இல் இந்தியாவுக்கு வந்து 2020 தடையில் மறைந்தது. அதற்கு ஈடான லைட் வடிவம் பிஜிஎம்ஐக்கு வரவில்லை. இதைப் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

ஃப்ரீ ஃபயர் தொடங்குவதே இந்த இழப்பிலிருந்துதான் எனலாம். 50 பேர், ஏறத்தாழப் பத்து நிமிடம், மிகக் குறைந்த நினைவகம் கொண்ட கைபேசியிலும் ஓடும்படியான கட்டமைப்பு. திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலின் கால்மணிப் பயணத்தில் ஓர் ஆட்டம் முழுமை பெறும். இந்தச் சுருக்கத்தைக் குறை என்பவர்கள் அதிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பைக் கவனிப்பதில்லை. பரப்பு சிறிதானால் மறைவிடம் குறையும். வெட்டவெளியில் சிக்கியவனுக்குத் தப்ப வழியிராது. அதற்கு விடையாக வந்தது க்ளூ வால். வீசியவுடன் எழும்பி நிற்கும் அந்தச் சுவரால் ஆடுபவர் தமக்கான மறைவிடத்தைத் தாமே, அந்த நொடியில் கட்டிக்கொள்கிறார். சுவரை எழுப்பி, எட்டிப் பார்த்துச் சுட்டு, மீண்டும் சுவரெழுப்பும் அந்த வேகம் பிஜிஎம்ஐயில் இல்லாத தனித்த திறன். தொல்காப்பியத்தின் புறத்திணைப் பகுப்பை இரவல் வாங்கினால், கட்டடத்தைப் பிடித்துக்கொண்டவரை வெளியிலிருந்து முற்றுகையிடும் பிஜிஎம்ஐயின் கடைசி வட்டம் உழிஞை. நால்வருக்கு நால்வர் எதிர்நின்று பொரும் ஃப்ரீ ஃபயரின் கிளாஷ் ஸ்குவாட் தும்பை. ஒன்றைவிட மற்றொன்று தாழ்ந்த போர்முறை என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை.

கதவை இவ்வளவு அகலத் திறந்துவிட்டு உள்ளே ஒரு தராசைச் சாய்த்து வைத்திருப்பதுதான் ஃப்ரீ ஃபயரின் பெருங்குறை. இங்கே துப்பாக்கி ஸ்கின் வெறும் ஒப்பனை அல்ல. தாக்குதிறனையும் சுடும் வேகத்தையும் கூட்டக்கூடியது. பாத்திரங்களுக்குத் தனித்திறன்கள் உண்டு. தன்னையும் தோழர்களையும் குணப்படுத்தும் அலோக் என்ற பாத்திரம் நெடுங்காலம் 599 டயமண்டுக்கு விற்கப்பட்டது. நல்ல ஸ்கின்கள் பலவும் லக் ராயல் என்ற சுழற்சியில் தற்செயலாகவே கிடைக்கும். கைய்வாவின் பகுப்பில் சொன்னால், தற்செயல் கடையில் நுழைந்து போட்டியின் நடுவே வந்து அமர்ந்துவிடுகிறது. பிஜிஎம்ஐயும் யூசி என்ற தன் ஆட்டக்காசைக் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளால் இதே ஆசையைத் தூண்டத்தான் செய்கிறது. ஆனால் அங்கே தோற்றவன் ஸ்கின் இல்லாததால் தோற்பதில்லை.

ஃப்ரீ ஃபயரின் இக்குறையை ஆட்டக்காரர்கள் நன்றாக அறிவார்கள். நண்பர்களுக்குள் கஸ்டம் ரூம் என்ற தனி அறை போட்டு ஆடும்போதும் சிறு போட்டிகள் நடத்தும்போதும் ஸ்கின்களின் கூடுதல் திறனைத் தரும் 'கன் ஆட்ரிபியூட்' என்ற அமைப்பை அணைத்துவிடுவது பரவலான வழக்கம். சில அறைகளில் பாத்திரத் திறன்களையும் அணைப்பார்கள். சமவாய்ப்பு குலைந்த இடத்தை எந்த ஆய்வாளரும் சுட்டும் முன்னரே ஆடுவோர் கண்டறிந்து, தம் கைக்கு எட்டிய வரையில் செப்பனிட்டிருக்கிறார்கள்.

கைபேசிக்குப் பணமிருப்பதும் டயமண்டுக்குப் பணமிருப்பதும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. கைபேசி ஒருமுறை வாங்குவது. படிப்புக்கும் வேலைக்கும் உதவுவது. அதன் விலை வீட்டாருக்குத் தெரிந்தே செலவாகிறது. டயமண்டுக்கு முடிவில்லை, சிறுசிறு தொகையாக, பெரும்பாலும் சிறுவர் கையிலிருந்தே போகிறது. ஆனால் கைபேசி ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அதைக் கண்டித்துப் பேசுவோரும் இல்லை. அரசின் நெறிமுறைகளும் இவ்விரண்டையும் தொடவில்லை. 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடுத்து இ-ஸ்போர்ட்ஸை ஏற்றது. 2023இல் பிஜிஎம்ஐ திரும்பியபோது 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்பு வந்தது. நேரத்தை அளந்தார்கள், ஆட்டத்தின் நேர்மையை யாரும் அளக்கவில்லை.

கலைநயத்தில் பிஜிஎம்ஐயே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் நான் முன்வைத்த அளவுகோலில் நேர்மைக்கு அருகில் நிற்பது ஃப்ரீ ஃபயர்தான். பிஜிஎம்ஐயின் குறையை நீக்க விளையாட்டையே எளிய கருவிகளுக்காக மீண்டும் கட்ட வேண்டும். ஃப்ரீ ஃபயருக்குத் தேவையான திருத்தம் அதன் கஸ்டம் ரூமில் ஏற்கெனவே ஓர் அமைப்பாக இருக்கிறது. தரவரிசை ஆட்டங்கள் அனைத்திலும் துப்பாக்கி ஸ்கின்களின் கூடுதல் திறனை அணைத்து, அவற்றை நிறமாகவும் வடிவமாகவும் மட்டும் விற்கலாம். விலை குறைந்த கைபேசியோடு ரயிலில் ஆடும் மாணவனுக்கு அன்று முதல் கிடைப்பது பிஜிஎம்ஐயில் எப்போதும் கிடைக்காத ஒன்று: எதிரில் நிற்பவனுக்கு நிகரான வாய்ப்பு.